‘ஸ்வைப் ரைட்’டை எங்கே போடலாம், எங்கே போடக் கூடாது: விரலசைவில் பிறந்த ஆங்கிலத்துக்கு ஒரு கையேடு

“ஐ’ட் ஸ்வைப் ரைட் ஆன் தட் சோஃபா.”

சோஃபாவோடு யாரும் டேட்டிங் போவதில்லை. ஆனாலும் லண்டனிலோ சிகாகோவிலோ ஒருவர் இப்படிச் சொன்னால் கேட்பவர் முழிக்க மாட்டார். பார்த்த மாத்திரத்தில் சோஃபா பிடித்துவிட்டது, அவ்வளவுதான். டேட்டிங் செயலியைக் கையால் தொட்டே பார்க்காதவர்களும் இதைச் சொல்கிறார்கள். அலுவலக மின்னஞ்சல், வெப் சீரிஸ் வசனம், விளம்பர வாசகம், வேலைக்கு ஆள் எடுப்பவர்களின் பேச்சு என்று இந்தச் சொற்கள் எல்லா இடத்துக்கும் வந்துவிட்டன. அர்த்தம் புரிவது சுலபம். தானாக ஒரு வாக்கியம் அமைக்கும்போதுதான் சறுக்குகிறது. சறுக்கும் இடங்களும் பெரும்பாலும் எல்லோருக்கும் ஒன்றேதான்.

முதலில் அந்த அசைவைத் தெரிந்துகொள்ளுங்கள்

சொல்லின் குணம் முழுக்க அசைவிலிருந்து வந்தது. அதனால் செயலி எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் சொல்லைச் சரியாகப் பயன்படுத்த முடியாது.

இந்த அசைவைப் பரப்பிய டேட்டிங் செயலி டிண்டர் 2012 செப்டம்பரில் வெளியானது. தொடக்கத்தில் அதில் ஸ்வைப் கிடையாது. படத்துக்குக் கீழே இரண்டு பொத்தான்கள்: பச்சை இதயம் பிடித்திருக்கிறது என்பதற்கு, சிவப்புப் பெருக்கல் குறி வேண்டாம் என்பதற்கு. படங்களைச் சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கி, மேல் சீட்டைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளும் முறை பிறகுதான் வந்தது. அதை உருவாக்கியவராகச் சொல்லப்படுபவர் நிறுவனர்களில் ஒருவரான ஜோனதன் பதீன். பொத்தான்களும் கூடவே இருந்தன. ஆனால் “பச்சை இதயத்தை அழுத்தினேன்” என்ற பேச்சு மொழியில் நிற்கவில்லை. நின்றது தள்ளுகிற அசைவுதான்.

வேலை செய்யும் விதம் இது. ஒரு படம் வருகிறது. வலப்பக்கம் தள்ளினால் பிடித்திருக்கிறது, இடப்பக்கம் தள்ளினால் வேண்டாம். தள்ளியதும் அடியிலிருந்து அடுத்த படம் வரும். நீங்கள் வலப்பக்கம் தள்ளிய ஆள் உங்களையும் வலப்பக்கம் தள்ளியிருந்தால்தான் ‘மேட்ச்’. அப்போதுதான் இருவரும் பேசிக்கொள்ள அரட்டைப் பெட்டி திறக்கும். இடப்பக்கம் தள்ளப்பட்டவருக்கு, தான் தள்ளப்பட்டதே தெரியாது.

இதற்குள் கவனிக்க வேண்டியவை நான்கு. முடிவு ஒரு பார்வையில் எடுக்கப்படுகிறது. ஒரு பக்கத்து விருப்பம் மட்டுமே அதில் இருக்கிறது. நிராகரிப்பு முகத்துக்கு நேராக நடப்பதில்லை. அடுத்த படம் தயாராக இருப்பதால் எதுவும் பெரிய இழப்பு இல்லை. ஆங்கிலப் பேச்சில் இந்தச் சொல் வரும்போதெல்லாம் இந்த நான்கும் கூடவே வருகின்றன. இவற்றில் ஒன்று உடைந்தாலும் வாக்கியம் இடறும். கீழே வரும் பிழைகளில் பாதி இங்கிருந்து கிளம்புபவைதான்.

வலது ஏன் ‘சரி’?

ஆங்கிலத்தில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. அங்கே ‘ரைட்’ என்றால் வலது, ‘ரைட்’ என்றால் சரி. ‘லெஃப்ட்’ என்றால் இடது, அதுவே விட்டுவிட்டுப் போனதற்கான இறந்தகால வினையும்கூட. அசைவு வருவதற்கு முன்பே மொழி அதற்குப் பாய் விரித்து வைத்திருந்தது. இந்தத் தொடர் இவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கொண்டதற்கு இந்த இரட்டைப் பொருள் பெரிய உதவி. மேலும் கீழும் தள்ளுவதாக அமைத்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்குமா என்பது சந்தேகமே. 2015-இல் டிண்டர் மேல்பக்கம் தள்ளும் ‘சூப்பர் லைக்’கைக் கொண்டுவந்தது. ‘சூப்பர் லைக்’ என்ற பெயர் ஓரளவு பேச்சில் புழங்குகிறது. ‘ஸ்வைப் அப்’ அந்தப் பொருளில் எடுபடவே இல்லை.

தமிழில் வலதுக்குச் ‘சரி’ என்ற பொருள் கிடையாது. ஆனால் மங்கலம் உண்டு. வலது காலை எடுத்து வைத்து வரச் சொல்கிறோம், கோயிலை வலம் வருகிறோம். எது ஆம், எது இல்லை என்று திசை குழம்புகிறவர்கள் மருமகள் வாசலில் எடுத்து வைக்கும் காலை நினைத்துக்கொண்டால் போதும்.

மொழிக்குள் இந்தச் சொல் அமர்ந்துவிட்டதற்கு ஒரு கல்வெட்டு வேண்டுமானால் 2015-ஐச் சொல்லலாம். காலின்ஸ் அகராதி அந்த ஆண்டுச் சொல்லுக்கான இறுதிப் பட்டியலில் ‘ஸ்வைப்’பைச் சேர்த்தது, வலப்பக்கம் ஏற்பது, இடப்பக்கம் தள்ளுவது என்ற விளக்கத்தோடு. அதே பட்டியலில், சொல்லாமல் கொள்ளாமல் தொடர்பை அறுப்பதைக் குறிக்கும் ‘கோஸ்டிங்’கும் இருந்தது. பரிசு இரண்டுக்கும் கிடைக்கவில்லை. தொடர்களை ஒரே மூச்சில் பார்ப்பதைக் குறிக்கும் ‘பின்ஜ்-வாட்ச்’ தட்டிச் சென்றது.

எந்த ‘ஸ்வைப்’ என்று கண்டுபிடிப்பது

‘ஸ்வைப்’ டிண்டரோடு பிறந்த சொல் அல்ல. ஓங்கி வீசி அடிப்பது, திருடுவது, அட்டையைத் தேய்ப்பது என்று அதற்கு ஏற்கெனவே பல வேலைகள் இருந்தன. அந்த வேலைகள் எதுவும் ஒழிந்துவிடவில்லை. நம் ஊரில் கடைக்காரர் “ஸ்வைப்பிங் மெஷின் வேலை செய்யல” என்பார், நாம் “கார்டைத் தேய்ச்சுட்டேன்” என்போம். நம்மில் பலருக்கு இதுதான் முதல் பொருள். ஆங்கில வாக்கியத்தில் எந்தப் பொருள் என்று பிரித்தறிய, வினைக்குப் பின்னால் வரும் சிறு சொல்லைப் பாருங்கள்.

‘ஆன்’ வந்து, அதற்கு முன் ரைட் அல்லது லெஃப்ட் இருந்தால் நம் பொருள்.

‘அட்’ வந்தால் அடி. “டுக் எ ஸ்வைப் அட் த மினிஸ்டர்” என்ற செய்தியில் அமைச்சரை யாரும் விரும்பவில்லை, போகிற போக்கில் ஒரு குத்து விட்டிருக்கிறார்கள். கிரிக்கெட் வர்ணனையில் கண்ணை மூடிக்கொண்டு சுற்றுகிற அடியைச் சொல்லும் ‘ஸ்வைப்’பும் இந்தக் குடும்பம்தான்.

‘இன்’ அல்லது ‘அவுட்’ வந்தால் அடையாள அட்டை. “ஷி ஸ்வைப்ட் இன் அட் நைன்” என்றால் ஒன்பது மணிக்கு அலுவலகக் கதவில் அட்டையைக் காட்டி நுழைந்தார்.

‘த்ரூ’ வந்தால் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பது. விருப்பு வெறுப்பு இல்லை.

சிறு சொல் எதுவுமே இல்லாமல் நேராகப் பொருள் வந்தால், பெரும்பாலும் அட்டை அல்லது திருட்டு. “சம்ஒன் ஸ்வைப்ட் மை லன்ச்” என்றால் டிபன் பாக்ஸை எவனோ அடித்துவிட்டான்.

இந்தக் கடைசி வரியை நன்றாக மனதில் வையுங்கள். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் பேசும்போது ‘ஆன்’ விழுந்துவிடுகிறது, ஏனென்றால் நம் “அவளை ரைட் ஸ்வைப் பண்ணேன்” என்பதில் ‘ஐ’ உருபு வருகிறது, ‘மேல்’ வருவதில்லை. “ஐ ஸ்வைப்ட் ஹெர் போட்டோ” என்றால் கேட்பவர் காதில் விழுவது “அவள் படத்தைத் திருடினேன்” என்பது.

வாக்கியம் அமைப்பது

அடிப்படை வடிவம்: வினை, திசை, ‘ஆன்’, பொருள். “ஸ்வைப் ரைட் ஆன் இட்.” இந்த வரிசை மாறாது. நம் பேச்சில் “ரைட் ஸ்வைப் பண்ணு” என்று திசை முன்னால் வருவதால் “ஐ ரைட் ஸ்வைப் ஹிம்” என்று எழுதிவிடுகிறோம். ‘ரைட்-ஸ்வைப்’ என்பதை வினையாக எழுதுகிற ஆங்கிலக்காரர்களும் இருக்கிறார்கள். இருந்தாலும் அது குறைவு, உங்கள் கையில் அது பிழையாகவே படிக்கப்படும். பெயர்ச்சொல்லாக வரும்போது மட்டும் திசையைத் தயங்காமல் முன்னால் போடலாம்: “தட்ஸ் எ லெஃப்ட் ஸ்வைப் ஃப்ரம் மி.” இது இயல்பான ஆங்கிலம்.

‘டு த ரைட்’ என்று நீட்டாதீர்கள். “ஸ்வைப் டு த ரைட்” என்றால் உடனே நேர்ப்பொருளுக்குப் போய்விடும்: விரலை வலப்பக்கம் நகர்த்து. செயலியின் உதவிப் பக்கத்தில் அது சரி, சோஃபாவுக்குச் சரிப்படாது.

இனி ‘வுட்’. செயலிக்கு வெளியே இந்தத் தொடரை உருவகமாகச் சொல்லும்போது ‘ஐ வுட்’ என்பதையோ அதன் சுருக்கமான ‘ஐ’ட்’ என்பதையோ சேர்ப்பது நல்ல பழக்கம். அது “கையில் செயலி இருந்தால் இப்படித்தான் தள்ளியிருப்பேன்” என்ற விளையாட்டுத் தொனியைத் தருகிறது. பொருள் ஒரு சோஃபாவோ வாடகை வீடோ என்றால் ‘வுட்’ இல்லாவிட்டாலும் பிழைத்துக்கொள்ளலாம். பொருள் ஒரு மனிதர் என்றால் பிழைக்க முடியாது. கார்த்திக் தந்த யோசனை பிடித்துப்போய் அலுவலகத்தில் “ஐ ஸ்வைப்ட் ரைட் ஆன் கார்த்திக்” என்று சொன்னால், நீங்கள் டேட்டிங் செயலியில் இருக்கிறீர்கள், கார்த்திக்கும் இருக்கிறார், நீங்கள் அவரை விரும்புகிறீர்கள் என்று மூன்று செய்திகளை ஒரே மூச்சில் அறிவித்ததாகிவிடும். “ஐ’ட் ஸ்வைப் ரைட் ஆன் கார்த்திக்ஸ் ஐடியா” என்று சொன்னால் யோசனைக்கு மட்டும்தான் பாராட்டு.

அழுத்தம் வேண்டுமென்றால் ‘ஹார்ட்’ சேரும், ‘வெரி’ சேராது. “ஹார்ட் ஸ்வைப் லெஃப்ட்” என்றால் யோசிக்கவே வேண்டாம், கிடையாது. இது ‘ஹார்ட் பாஸ்’ என்ற தொடரின் உறவு.

செயப்பாட்டு வினையைத் தவிருங்கள். “ஹி வாஸ் ஸ்வைப்ட் லெஃப்ட் ஆன்” என்பது இலக்கணப்படி நிற்கும், காதில் நொண்டும்.

உச்சரிப்பில் ஒன்று, எழுத்தில் ஒன்று. இறந்தகாலம் ‘ஸ்வைப்ட்’, ஒரே அசை. ‘ஸ்வைப்பெட்’ என்று இழுக்க வேண்டாம். ‘மேட்ச்ட்’, ‘கேட்ஃபிஷ்ட்’ இரண்டிலும் அப்படியே, புதிதாக அசை சேராது. ‘கோஸ்டட்’ மட்டும் விதிவிலக்கு, அங்கே ‘ட’ ஓசைக்குப் பின் வருவதால் இன்னோர் அசை கூடும். எழுதும்போது ‘ஸ்வைப்பிங்’ என்பதில் ஆங்கிலத்துக்கு ஒரு பி போதும். தமிழில் ‘ப்’ இரட்டிப்பதால் கை தானாக இரண்டு பி தட்டிவிடும். எழுத்துப்பிழை திருத்தி காட்டும் சிவப்புக் கோட்டை அலட்சியம் செய்யாதீர்கள்.

பொருந்துகிறதா என்று பார்க்கும் முறை

மேலே சொன்ன நான்கு குணங்களும் இங்கேதான் கைகொடுக்கும். வாக்கியத்தைச் சொல்லும் முன் விஷயத்தை அவற்றின் மீது உரசிப் பாருங்கள்.

நேருக்கு நேர் நடந்த நிராகரிப்பா? அப்படியானால் ‘ஸ்வைப் லெஃப்ட்’ வேண்டாம். ஒருவர் மண்டியிட்டு மோதிரம் நீட்டி, அவள் மறுத்துவிட்டாள் என்றால் அது “டர்ன்ட் ஹிம் டவுன்”. ‘ஸ்வைப்ட் லெஃப்ட்’ என்றால் அவள் ஏறிட்டும் பார்க்காமல் விரலால் தள்ளிவிட்டுப் போன மாதிரி ஒலிக்கும். அந்த அலட்சியத்தைத்தான் சொல்ல வருகிறீர்கள் என்றால் சரி, இல்லையென்றால் தவறு.

நீண்ட யோசனைக்குப் பின் எடுத்த முடிவா? ஆறு மாதம் ஆராய்ந்து ஒரு நிறுவனத்தை வாங்கியதை ‘ஸ்வைப்ட் ரைட்’ என்றால் ஆறு மாத உழைப்பையும் கட்டைவிரலுக்குத் தாரை வார்த்ததாகும். ஐந்து நிமிட விளக்கத்திலேயே மனம் இளகியது என்றால் அங்கே அழகாக உட்காரும்.

இருவருக்கும் பிடித்துப்போய்க் காரியம் முடிந்ததா? அதைச் சொல்ல ‘ஸ்வைப் ரைட்’ போதாது, அது ஒருதலை. “இட்ஸ் எ மேட்ச்” என்றோ “வி மேட்ச்ட்” என்றோ சொல்லுங்கள்.

நோய், மரணம், பணிநீக்கம், மதம் ஆகியவற்றின் பக்கம் இதைக் கொண்டுபோகவே வேண்டாம். அடுத்த சீட்டு தயாராக இருக்கிறது என்ற தொனி அங்கே காயப்படுத்தும். அரசியலிலும் கவனம். ‘லெஃப்ட்’ இடதுசாரி, ‘ரைட்’ வலதுசாரி. “வோட்டர்ஸ் ஸ்வைப்ட் லெஃப்ட்” என்ற தலைப்பைப் பார்த்தால், வாக்காளர்கள் இடதுசாரிகளைத் தேர்ந்தெடுத்தார்களா அல்லது எல்லோரையும் ஒதுக்கினார்களா? தலைப்பு எழுதுகிறவர்கள் இந்தக் குழப்பத்தை வேண்டுமென்றே சிலேடையாக ஆடுவதும் உண்டு, அதனால் முழுச் செய்தியையும் படித்த பிறகுதான் பொருள் கொள்ள வேண்டும். 2016 அமெரிக்கத் தேர்தலின்போது டிண்டரே ‘ஸ்வைப் த வோட்’ என்ற பெயரில், கொள்கைக் கேள்விகளுக்கு விரலால் ஆம், இல்லை சொல்லி வேட்பாளரோடு பொருத்தம் பார்க்கும் ஒன்றை நடத்தியது.

ஆள் எடுக்கும் இடத்தில் இன்னும் கவனம். மனிதவளத் துறையினர் தங்களுக்குள் “ஸ்வைப் லெஃப்ட் ஆன் திஸ் ரெஸ்யூமே” என்று பேசிக்கொள்வார்கள். அதை விண்ணப்பித்தவருக்கு எழுதினால், முகத்தை மட்டும் பார்த்து ஒதுக்கினோம் என்று எழுத்தில் ஒப்புக்கொண்ட மாதிரி. ஒப்பந்தம், மறுப்புக் கடிதம், வழக்கறிஞர் பார்க்கக்கூடிய எந்தக் காகிதத்திலும் இந்தச் சொற்களுக்கு இடமில்லை.

ஒரு மின்னஞ்சலைப் பழுது பார்ப்போம்

லண்டன் வாடிக்கையாளருக்குப் போகவிருந்ததாக ஒரு வரியை வைத்துக்கொள்வோம்: “வி ஸ்வைப்ட் லெஃப்ட் யுவர் புரபோசல் ஆஃப்டர் டீடெய்ல்ட் டிஸ்கஷன்.” எழுதியவர் நட்பாக, நவீனமாக இருக்க நினைத்திருக்கிறார்.

இதில் பழுது மூன்று. முதலாவது, ‘ஆன்’ இல்லை. இது சின்ன விஷயம், திருத்திவிடலாம். இரண்டாவது, விரிவாக விவாதித்தோம் என்று சொல்லிவிட்டு ஸ்வைப் என்பது, நின்று நிதானமாக ஓடினோம் என்பது மாதிரி. மூன்றாவதுதான் ஆபத்து. ஸ்வைப் லெஃப்ட் என்பது தள்ளப்பட்டவருக்குத் தெரியாமல் நடப்பது. அதைத் தள்ளப்பட்டவரிடமே போய்ச் சொல்வது அவமதிப்பு. ‘ஆன்’ சேர்ப்பதால் இந்த வாக்கியம் பிழைக்காது. “வி’வ் டிசைடட் நாட் டு கோ அஹெட்” என்று வெற்றாக எழுதுவதே மரியாதை. ஸ்வைப்பைச் சொல்லியே தீர வேண்டுமென்றால் உள் குழுவில் சொல்லுங்கள்: “த க்ளையன்ட்ஸ் ஃபர்ஸ்ட் லோகோ வாஸ் எ லெஃப்ட் ஸ்வைப் ஃபார் மி.” லோகோ ஒரு படம், பார்த்ததும் தோன்றியது, பேசுவது மூன்றாம் ஆளைப் பற்றி. எல்லாம் பொருந்துகிறது.

நேர்ப்பொருளில் வரும்போது

எல்லா ஸ்வைப் லெஃப்டும் நிராகரிப்பு அல்ல. இன்ஸ்டாகிராமில் பல படங்களை ஒரே பதிவில் போட்டு, குறிப்பில் “ஸ்வைப் லெஃப்ட்” என்று எழுதுவார்கள். அதற்குப் பொருள் “விரலை இடப்பக்கம் தள்ளு, அடுத்த படம் வரும்” என்பதே. இதை மொழிபெயர்க்கும்போது “வேண்டாமென்று தள்ளுங்கள்” என்று போட்டால் நகைக்கடை விளம்பரம் நாசமாகும். நீங்களே ஆங்கிலக் குறிப்பு எழுதுவதானால் திசையைச் சொல்லாமல் “ஸ்வைப் ஃபார் மோர்” என்று எழுதிவிடுவது நல்லது. சிரிப்புக்கும் இடமில்லை, திசைக் குழப்பமும் இல்லை. அதே செயலியில் ஸ்டோரிகளில் இணைப்பைத் திறக்கச் சொன்ன ‘ஸ்வைப் அப்’ இப்போது பழங்கதை. 2021-இல் அதை எடுத்துவிட்டு, தொட்டால் திறக்கும் ஸ்டிக்கரை வைத்தார்கள். இன்றும் “ஸ்வைப் அப்” என்று எழுதினால் வாசகர் திரையைத் தேய்த்துக்கொண்டே இருப்பார்.

நேர்மாறான விநோதமும் உண்டு. ஹிஞ்ச் என்ற டேட்டிங் செயலி 2016-இல் ஸ்வைப்பையே கைவிட்டது. அதில் ஒருவரின் படத்திலோ பதிலிலோ உள்ள இதயத்தைத் தொட வேண்டும். அதைப் பயன்படுத்துகிறவர்களும் “ஸ்வைப் பண்ணிட்டிருக்கேன்” என்ற பொருளில்தான் ‘ஸ்வைப்பிங்’ என்கிறார்கள். தொலைபேசியில் சுழற்றும் வட்டு போய்ப் பல காலமாகியும் ‘டயல்’ செய்வது போகவில்லை அல்லவா, அதே கதைதான்.

கூட வந்த மற்ற மூன்று

‘மேட்ச்’ நமக்குப் புதிதே அல்ல, ஜாதகத்துக்கு நாம் காலகாலமாகச் சொல்வதுதான். ஒரே எச்சரிக்கை: செயலிப் பொருளில் ‘வித்’ வேண்டும். “ஐ மேட்ச்ட் வித் ஹெர்.” பிறகு மனம் மாறிப் பட்டியலிலிருந்து நீக்கினால் ‘அன்மேட்ச்’. இதற்கு ‘வித்’ வேண்டாம்: “ஷி அன்மேட்ச்ட் மி.”

‘கோஸ்ட்’ இவற்றில் அதிகம் உழைக்கும் சொல். பேசிக்கொண்டிருந்த ஒருவர் காரணம் சொல்லாமல் பதிலளிப்பதை அடியோடு நிறுத்துவது. அசைவு இல்லாத அசைவு என்று சொல்லலாம், எதையும் அழுத்தாமல் இருப்பதுதான் செயல். இங்கே உருபுச் சொல் வேண்டாம், நேராகப் பொருள் வரும்: “ஹி கோஸ்டட் மி.” செயப்பாட்டு வினையும் இயல்பு: “ஐ காட் கோஸ்டட்.” மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 2017-இல் இந்தப் பொருளைச் சேர்த்தது. அடுத்த ஆண்டே காதலை விட்டுச் சந்தைக்குள் நுழைந்துவிட்டது. அமெரிக்க மத்திய வங்கி ஆண்டுக்கு எட்டு முறை வெளியிடும் பொருளாதார நிலவர அறிக்கைக்கு ‘பீஜ் புக்’ என்று பெயர். 2018 டிசம்பர் அறிக்கையில் சிகாகோ வட்டார முதலாளிகள் தாங்கள் ‘கோஸ்ட்’ செய்யப்பட்டதாகச் சொன்னது பதிவாகியிருக்கிறது, அதாவது வேலையாட்கள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார்கள், பிறகு தொடர்புகொள்ளவும் முடியவில்லை. மத்திய வங்கி ஏட்டுக்கே வந்துவிட்ட சொல் என்பதால் அலுவலகப் பேச்சில் இதைத் தயங்காமல் பயன்படுத்தலாம். அளவு மட்டும் முக்கியம். இரண்டு நாள் பதில் இல்லை என்றால் அது கோஸ்டிங் அல்ல, பதில் தாமதம். ஒருமுறையேனும் தொடர்பு இருந்து, பிறகு அறுந்திருக்க வேண்டும். முன்பின் தெரியாதவருக்கு நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலுக்குப் பதில் வராததையும் கோஸ்டிங் என்றால் ஆங்கிலக்காரர் புருவம் உயரும்.

‘கேட்ஃபிஷ்’ என்றால் வேறொருவர் படத்தையும் பொய் விவரங்களையும் வைத்து ஆளை ஏமாற்றுவது. 2010-இல் வந்த அதே பெயருள்ள ஆவணப் படத்திலிருந்து கிடைத்த சொல். மெரியம்-வெப்ஸ்டரில் 2014-இல் ஏறியது. இப்போது வீட்டு விளம்பரத்தில் படம் ஒன்றாகவும் நேரில் வேறாகவும் இருந்தால்கூட “த அபார்ட்மென்ட் கேட்ஃபிஷ்ட் மி” என்கிறார்கள். கொஞ்சம் மிகைதான், ஆனால் கேட்க நன்றாக இருக்கிறது.

இவற்றையெல்லாம் ஒரே வரியில் பார்க்க: “ஐ ஸ்வைப்ட் ரைட் ஆன் த ஃப்ளாட், வென்ட் டு சீ இட், காட் கேட்ஃபிஷ்ட், அண்ட் நவ் த ஏஜென்ட்ஸ் கோஸ்டிங் மி.” வீடு பார்த்ததும் பிடித்தது, போய்ப் பார்த்தால் படத்தில் இருந்தது அங்கே இல்லை, இப்போது தரகர் போனை எடுப்பதில்லை. காதலே இல்லாத ஒரு காதல் செயலி வாக்கியம்.

பெயர் வைக்கும்போது

வாக்கியத்தில் ‘ஸ்வைப்’ எல்லோருக்கும் சொந்தம். டேட்டிங் செயலிக்குப் பெயராக வைப்பது வேறு விஷயம். டிண்டரை நடத்தும் மேட்ச் குரூப், 2018-இல் பம்பிள் என்ற போட்டி டேட்டிங் செயலி மீது தொடுத்த வழக்கில் ஸ்வைப் முறைக்கான காப்புரிமையோடு ‘ஸ்வைப்’ என்ற சொல்லின் வணிகச் சின்ன உரிமையையும் முன்வைத்தது. இரு தரப்பும் 2020-இல் சமரசம் செய்துகொண்டன. டேட்டிங், திருமணத் தகவல் செயலி செய்கிறவர்கள் பெயர்ப் பலகை எழுதும் முன் வணிகச் சின்ன வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள்.

தமிழில் கொண்டுவரும்போது

வசன மொழிபெயர்ப்பு, கட்டுரை, விளம்பரம் எதுவானாலும் முதலில் கேட்க வேண்டியது: பாத்திரத்தின் விரல் திரையில் இருக்கிறதா? இருந்தால் “ரைட் ஸ்வைப் பண்ணு” என்றே விடுங்கள். பேச்சில் அதுதான் இருக்கிறது. எழுத்துநடை வேண்டுமென்றால் “வலப்பக்கம் தள்ளு”. விரல் திரையில் இல்லையென்றால் திசையை மறந்துவிடுங்கள். “அந்த சோஃபாவை வலப்பக்கம் தள்ளுவேன்” என்றால் வீட்டைச் சுத்தம் செய்கிற மாதிரி இருக்கும். “பார்த்ததும் டிக் அடிச்சிட்டேன்”, “அந்த சோஃபாவுக்கு என் ஓட்டு” இரண்டும் ஓடும்.

ஸ்வைப் லெஃப்டுக்கு நம்மிடமே ஓர் அசைவு இருக்கிறது: புறங்கையால் ஒதுக்குவது. வேகமும் அலட்சியமும் அதில் அப்படியே இருக்கின்றன, “அடுத்தது” என்ற தொனியும் இருக்கிறது. முகத்தைக்கூடத் திருப்பாமல் செய்கிற காரியம் என்பதால் ஸ்வைப் லெஃப்டுக்கு மிகவும் பக்கத்தில் வருகிறது.

‘கோஸ்ட்’டைப் ‘பேயாக்கினான்’ என்று மொழிபெயர்த்தால் திகில் படமாகிவிடும். ‘கழட்டிவிட்டான்’ என்பதும் பொருந்தாது. கழட்டிவிடுகிறவன் சில சமயம் சொல்லிவிட்டும் போவான். சொல்லாமல் நழுவுவதற்கு நம்மிடம் ‘கம்பி நீட்டுவது’ இருக்கிறது. “தி ஏஜென்ட் கோஸ்டட் மி” என்பதற்குத் திரையின் கீழே மூன்று சொல் போதும்: “புரோக்கர் கம்பி நீட்டிட்டான்.”